மதிலுக்கு அப்பால் 21 எண்ணெய்க் கிணறுகள்: லாஸ் ஏஞ்சல்ஸ் யூனிவர்சிட்டி பார்க் நிகழ்வு ஆய்வு

பின்னணி

லாஸ் ஏஞ்சல்ஸ் எண்ணெய் வயல்களின் மேலேயே வளர்ந்த ஊர். 1892-இல் எட்வர்ட் டோஹெனி யூகலிப்டஸ் மரத்தண்டைக் கூராக்கித் தரையைத் துளைத்து அங்கே எண்ணெய் எடுத்தார். அதன்பின் கிணறும் குடியிருப்பும் ஒன்றோடொன்று நெருக்கியடித்துப் பெருகின. இன்றும் பல கிணறுகள் கண்ணில் படாது. பிகோ சாலையில் அலுவலகக் கட்டடம் போன்ற முகப்புக்குப் பின்னால் துளையிடும் தளம் ஒன்று இயங்கியது. மற்ற இடங்களில் உயரமான மதிலும் செடி கொடிகளும் மறைத்து நிற்கும். பக்கத்து வீட்டில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள் உண்டு.

இந்த ஆய்வு நகர மையத்துக்குத் தெற்கே உள்ள யூனிவர்சிட்டி பார்க் பகுதியைப் பற்றியது. ஏறத்தாழ இரண்டு ஏக்கர் நிலம், அதில் 21 கிணறுகள். நிலம் கத்தோலிக்க உயர்மறைமாவட்டத்துக்குச் சொந்தம், குத்தகைக்கு விடப்பட்டது. கிணறுகள் நேர்கீழாக இறங்காமல் சாய்வாகத் துளைக்கப்பட்டவை. அதனால் சிறிய மனையில் நின்றுகொண்டே சுற்றுவட்டாரத்து வீடுகளுக்கு அடியில் உள்ள எண்ணெயை எடுக்க முடிந்தது. மதிலைத் தாண்டினால் தெரு, தெருவைத் தாண்டினால் அடுக்குமாடி வீடுகள். பெரும்பாலும் ஸ்பானிய மொழி பேசும் வாடகைக் குடும்பங்கள், வருமானம் குறைந்தவர்கள். பக்கத்தில் ஒரு கல்லூரி வளாகமும் இருந்தது.

நடந்ததைப் புரிந்துகொள்ள, இப்படிப்பட்ட தளத்தில் வாயு எங்கெங்கே கசியும் என்று தெரிந்திருக்க வேண்டும். மேலே வருவது எண்ணெய் மட்டுமல்ல. உப்புநீரும் வாயுவும் கலந்த திரவம். பிரிப்பான் கலன்களில் மூன்றும் பிரிந்து எண்ணெய் தொட்டிக்கும் உப்புநீர் சுத்திகரிப்புக்கும் போகும். தொட்டியின் மேல்மூடி சரியாக அமராவிட்டாலோ, அழுத்தம் விடுவிக்கும் வால்வு அமரும் வளையம் தேய்ந்துபோனாலோ ஹைட்ரோகார்பன் ஆவி ஓயாமல் கசியும். கிணற்றுத் தலையைச் சுற்றித் தரைமட்டத்துக்குக் கீழே கான்கிரீட் குழி ஒன்று இருக்கும். அங்கே தேங்கும் எண்ணெயும் நீரும் வெயிலில் ஆவியாகும். எல்லாவற்றையும்விட மோசம் பராமரிப்பு நாள்தான். கிணற்றிலிருந்து குழாய்களை உருவும்போது அவற்றின் மேல் ஒட்டிய திரவம் திறந்த வெளியில் சொட்டும். அமிலம் செலுத்திக் கிணற்றைச் சுத்தம் செய்யும் வேலையும் இதோடு சேரும். ஆகவே நாற்றம் நாள் முழுதும் ஒரே அளவில் வருவதில்லை. இருந்தாற்போல் கிளம்பும், அடங்கும். இந்தக் கதை முழுவதும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கவனிக்கப்பட்டவை

2009-இல் தளம் புதிய நிறுவனத்தின் கைக்கு மாறியது. அதன்பின் உற்பத்தி 400 விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. பழைய தொட்டிகளும் குழாய்களும் பழைய அளவுக்காக அமைந்தவை. அவற்றின் வழியாகப் பல மடங்கு திரவம் ஓடினால், தொட்டிகளில் எழும் ஆவியைப் பிடித்துவைக்கும் ஆவி மீட்பு அமைப்பு திணறும், மூடிகளின் மேல் அழுத்தம் கூடும், பராமரிப்பு நாள்களும் அதிகரிக்கும். உற்பத்தி கூடியதும் புகார்கள் பெருகியதும் அடுத்தடுத்து நடந்தன.

குடியிருப்பாளர்கள் சொன்னவை: தலைவலி, குமட்டல், தொண்டை எரிச்சல், கண் எரிச்சல், மூச்சிரைப்பு, குழந்தைகளுக்கு அடிக்கடி மூக்கில் ரத்தம். சில நேரம் அழுகிய முட்டை நாற்றம். சில நேரம் பெட்ரோல் வாடை. வேறு சில நேரம் செயற்கையான இனிப்பு மணம். நாற்றத்தை மறைக்கத் தெளிக்கும் பொருளின் மணம் அது. மறைக்கும் பொருள் நாற்றத்தை மூடுமே தவிர, எண்ணெய் ஆவியில் கலந்துள்ள, புற்றுநோய் உண்டாக்கும் பென்சீனை அகற்றாது. அது சேர்ந்தால் மூச்சில் போகும் வேதிப்பொருள்களில் இன்னொன்று கூடுகிறது, அவ்வளவுதான். இந்த இனிப்பு மணத்தைத் தனிக் குறியாகப் பதிவு செய்ய வேண்டும். நாற்றம் இருந்ததை நிறுவனமே அறிந்திருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவுடையது. மனித மூக்கு அதை நூறு கோடியில் சில பங்கு அளவிலேயே உணர்ந்துவிடும். கலிஃபோர்னியா மாநிலம் வகுத்த ஒரு மணி நேர வரம்பு நூறு கோடியில் 30 பங்கு. பத்து லட்சத்தில் 100 பங்கை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போகும்; வாடை நின்றுவிட்டதாகத் தோன்றும். வேலையிடத்தில் உயிரைப் பறிப்பது இந்த மரத்துப்போதல்தான். குடியிருப்புகளில் அவ்வளவு செறிவு வருவதில்லை. ஆனாலும் மணிக்கணக்கில் வாடையிலேயே இருப்பவருக்கு உணர்வு மங்கும். ஆகவே வீட்டுக்குள் இருப்பவரைவிட வெளியிலிருந்து அப்போதுதான் வருபவரின் பதிவு நம்பகமானது.

மூக்கில் ரத்தம் வருவதற்கு ஒரே ஒரு வேதிப்பொருளைக் காரணமாகச் சுட்ட இயலாது. வறண்ட காற்று, ஒவ்வாமை, எரிச்சலூட்டும் ஆவிகள் எல்லாம் மூக்கின் உள்தோலை நொய்ய வைக்கும். தனி ஒருவரின் அறிகுறியை நிரூபணமாக வைத்தால் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் அதை உடைத்துவிடும். ஒரே இரவில் ஒரே தெருவில் எட்டு வீடுகளில் அதே அறிகுறி என்றால் அந்தக் கேள்வி நிற்காது.

புகார்கள் ஏன் நகரவில்லை

மூன்றாண்டுகளில் 250-க்கும் மேற்பட்ட புகார்கள், அவ்வட்டாரக் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான தென்கடற்கரை காற்றுத்தர மேலாண்மை மாவட்டத்துக்குப் போயின. ஆய்வாளர்கள் வந்தார்கள், சோதித்தார்கள். நாற்றமோ தொடர்ந்தது. தடை எங்கே இருந்தது என்று பார்த்தால், குறை ஆய்வாளர்களின் மனத்தில் இல்லை. சோதிக்கும் முறையில் இருந்தது.

பலருக்குத் தொல்லை தரும் மாசைத் தடுக்கும் பொதுத்தொல்லை விதி மீறப்பட்டதாக நிறுவுவதற்கு, தனித்தனி வீடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ ஆறு பேர் புகார் செய்திருக்க வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து அந்த நாற்றத்தைத் தானும் முகர்ந்து, மூலத்தைத் தடம்பிடிக்க வேண்டும். நடைமுறையில் நடந்தது வேறு. இரவு பத்து மணிக்கு நாற்றம் எழும். ஒரு தாய் தொலைபேசியை எடுப்பார். ஆய்வாளர் வந்து சேர்வதற்குள் காற்று திரும்பியிருக்கும், அல்லது தொட்டி மூடி மூடப்பட்டிருக்கும். அறிக்கையில் "நாற்றம் உறுதிப்படவில்லை" என்று எழுதப்படும். இதுவே நாலைந்து முறை நடந்தால் மக்கள் அழைப்பதையே விட்டுவிடுவார்கள். அழைப்பு குறைந்ததும் "நிலைமை சீரடைந்தது" என்று புள்ளிவிவரம் காட்டும்.

2016-இல் இந்தப் பகுதியிலும் அண்டையிலுள்ள வெஸ்ட் ஆடம்ஸிலும் கிணறுகளிலிருந்து 1,500 அடிக்குள் வசித்த 205 பேரிடம் வீடுவீடாக எடுத்த கணக்கெடுப்பு இதன் வேரைக் காட்டியது. 45 விழுக்காட்டினருக்கு அருகில் எண்ணெய்த் தளம் இருப்பதே தெரியவில்லை. 63 விழுக்காட்டினருக்கு எந்த அலுவலகத்தை அழைப்பது என்று தெரியவில்லை. யூனிவர்சிட்டி பார்க் விவகாரம் செய்திகளில் அடிபட்டு மூன்றாண்டுகள் கழிந்த பிறகும் இதுதான் நிலை. புகார் எண்ணிக்கையைப் பாதிப்பின் அளவுகோலாகக் கொள்வது எவ்வளவு பிழை என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

காற்று மாதிரி எடுப்பதிலும் இதே சிக்கல் உண்டு. வழக்கமாகப் பயன்படுவது வெற்றிடமாக்கிய 6 லிட்டர் எஃகுக் கலன். காற்று உள்ளே போகும் வேகத்தை அடக்கும் கட்டுப்படுத்தி இல்லாமல் வால்வைத் திறந்தால் ஒரு நிமிடத்துக்குள் நிரம்பிவிடும். நாற்றம் உச்சத்தில் இருக்கும் அந்த நொடியைப் பிடிக்க இதுதான் சரி. கட்டுப்படுத்தி பொருத்தி 24 மணி நேரம் எடுத்தால் அரைமணி நேர உச்சம் சராசரியில் கரைந்துபோகும். நாள்பட்ட பாதிப்பைக் கணக்கிட மட்டும் அது உதவும். இரண்டு கேள்விகளுக்கும் ஒரே மாதிரியை வைத்து விடை சொல்லும்போதுதான் "அளவு வரம்புக்குள் உள்ளது" என்ற அறிக்கை பிறக்கிறது. பென்சீனுக்கே மாநிலத்தில் வெவ்வேறு குறியளவுகள் இருக்கின்றன: ஒரு மணி நேரத்துக்குக் கன மீட்டருக்கு 27 மைக்ரோகிராம், நாள்பட்ட சுவாசத்துக்கு 3 மைக்ரோகிராம். எதனோடு ஒப்பிட்டார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

இன்னொரு நுட்பம். கந்தகச் சேர்மங்கள் சாதாரண எஃகின் உட்பரப்பில் ஒட்டி அழியும். அழுகிய முட்டை நாற்றத்தைப் பிடித்துவந்து சாதாரணக் கலனில் ஆய்வகத்துக்கு அனுப்பினால் "ஹைட்ரஜன் சல்ஃபைடு கண்டறியப்படவில்லை" என்றே பதில் வரும். அதற்கு உட்பூச்சுக் கலனோ, டெட்லர் எனப்படும் பிளாஸ்டிக் படலப் பையோ வேண்டும். பை என்றால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் போய்ச் சேர வேண்டும். வெள்ளி இரவு எடுத்த பையைத் திங்கள் காலை அனுப்புவது வீண்வேலை.

எடுக்கப்பட்ட முடிவுகள்

பகுதியில் இயங்கிய வீட்டுவசதி அமைப்பும், ஸ்பானிய மொழியில் "புரோமோதோரா" எனப்படும் அக்கம்பக்கத்து நலப்பணியாளர்களும் சிதறிக் கிடந்த புகார்களை ஒன்றுசேர்த்தார்கள். மருத்துவர்களும் இணைந்தார்கள். தனித்தனியாக அழைப்பதைவிட, ஒருவர் முகர்ந்ததும் அண்டை வீடுகளுக்குச் சொல்லி எல்லாரும் உடனே அழைப்பதுதான் ஆறு பேர் என்ற வரம்பைத் தாண்ட ஒரே வழி. அழைப்பை ஏற்றதும் தரும் புகார் எண்ணைக் குறித்துக்கொள்வதும் முக்கியம். எண் இல்லாத புகார் பின்னாளில் இல்லாத புகாராகிவிடும்.

இத்தகைய நாற்றப் பதிவேட்டில் ஆறு விவரங்கள் போதும்: தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நின்ற இடம், வாடையின் வகை, உடலில் உணர்ந்தது. காற்றின் திசையை மக்கள் எழுதத் தேவையில்லை. அதை அருகிலுள்ள வானிலை நிலையத்தின் மணிவாரிப் பதிவிலிருந்து பிறகு சேர்த்துக்கொள்ளலாம். லாஸ் ஏஞ்சல்ஸில் பகலில் காற்று பொதுவாகக் கடலிலிருந்து, மேற்கும் தென்மேற்குமாக வீசும். இரவில் அடங்கி, தரையிலிருந்து கடலை நோக்கி மெல்ல நகரும். அந்நேரம் கீழே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றுமாக அமையும் வெப்பத் தலைகீழ் அடுக்கு மூடிபோல் இறங்குவதால் மாசு மேலே எழாமல் தெருமட்டத்திலேயே தேங்கும். இரவில் நாற்றம் கூடுவதற்கு இதுவும் காரணம். தளத்தில் என்ன வேலை நடந்தது என்பதை இதோடு பொருத்த வேண்டும். 2013-இல் வந்த காற்றுத்தர மாவட்டத்தின் விதி, துளையிடும் வேலைக்கும் பெரிய பராமரிப்புக்கும் முன்னறிவிப்பும் வேதிப்பொருள் பட்டியலும் கேட்டது. பதிவேடு, காற்று, பணி அறிவிப்பு மூன்றையும் ஒரே தாளில் வைத்தால் மறுக்க முடியாத வடிவம் ஒன்று தெரியும்.

இரண்டாவது முடிவு, உள்ளூர் அமைப்போடு நிறுத்தாமல் மேலே போனது. 2013 செப்டம்பரில் செய்தித்தாள் இதை வெளியிட்டது. அமெரிக்க மேலவை உறுப்பினர் பார்பரா பாக்சர் தலையிட்டார். கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆய்வாளர்கள் தளத்துக்குள் நேரில் வந்தார்கள். சுற்றிப் பார்த்த அவர்களுக்கே தொண்டை வலியும் இருமலும் தலைவலியும் வந்தன, மணிக்கணக்கில் நீடித்தன. மூன்றாண்டுகளாகத் தாய்மார்கள் சொன்னதை அதிகாரிகளின் உடம்பு ஒரே நாளில் உறுதிசெய்தது. திருப்பம் அதுதான். ஆனால் அதுவரை எத்தனை குழந்தைகள் அதே காற்றை மூச்சிழுத்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதை வெற்றி என்று எழுத முடியவில்லை.

2013 நவம்பரில் நிறுவனம் உற்பத்தியைத் தற்காலிகமாக நிறுத்தியது. 2014 ஜனவரியில் நகர வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு கூட்டரசு முகமையோடு ஏற்பட்ட உடன்பாட்டில் 99,000 டாலர் அபராதமும், சுமார் 7,00,000 டாலர் செலவிலான சீரமைப்பும் விதிக்கப்பட்டன. 2016-இல் நகரத்தின் வழக்கு 12.5 லட்சம் டாலர் தண்டத்தோடும், மீண்டும் திறப்பதற்குக் கடுமையான நிபந்தனைகளோடும் முடிந்தது.

நுரையீரல் சொன்ன கணக்கு

தளம் மூடிய பின் கேள்வி மாறியது. நாற்றம் போனது, உடம்பில் என்ன மிஞ்சியது? 2017 முதல் 2019 வரை லாஸ் சியெனெகாஸ் எண்ணெய் வயலின் மேல் உள்ள இரண்டு குடியிருப்புகளில், தளங்களிலிருந்து 1,000 மீட்டருக்குள் வசித்த 961 பேர் ஆய்வில் சேர்ந்தனர். ஒரு தளம் இயங்கியது, மற்றது மூடிக்கிடந்தது. பயிற்சி பெற்ற பகுதி மக்களே வீடு வீடாகப் போய் மூச்சளவுக் கருவியில் ஊதவைத்தார்கள். இந்தச் சோதனையில் பிழை எளிது. முழுமையாக மூச்சிழுக்காவிட்டாலோ, உதடு குழாயைச் சுற்றி இறுகாவிட்டாலோ, ஊதத் தொடங்கும்போது தயங்கினாலோ அளவு குறையும். அதனால் குறைந்தது மூன்று நல்ல ஊதல்கள் வேண்டும், அவை ஒன்றோடொன்று ஒத்திருக்க வேண்டும். தரம் தேறியவை 747 சோதனைகள்.

வயது, பாலினம், உயரம், புகைப்பழக்கம், ஆஸ்துமா, நெடுஞ்சாலை அருகாமை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தபோது, 200 மீட்டருக்குள் வசிப்போர் ஒரு நொடியில் ஊதித்தள்ளும் காற்று மற்றவர்களைவிடச் சராசரியாக 112 மில்லிலிட்டர் குறைந்திருந்தது. முழுமூச்சில் வெளியேற்றும் அளவு 128 மில்லிலிட்டர் குறைவு. 200 மீட்டருக்குள்ளும் காற்று வந்து சேரும் பக்கத்திலும் இருந்தவர்களை, தள்ளியும் எதிர்ப்பக்கத்திலும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் 414, 400 மில்லிலிட்டர். தூரத்தை மட்டும் பார்த்திருந்தால் பாதிப்பின் பெரும்பகுதி மறைந்திருக்கும். நெடுஞ்சாலையைக் கழித்ததும் இன்றியமையாதது. தெற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் யார் எதைச் சொன்னாலும் "அது வாகனப் புகை" என்ற பதில் தயாராக இருக்கும்.

ஒரே காலத்தில் எடுத்த அளவீடு இது. எனவே காலப்போக்கில் நுரையீரல் எப்படிச் சரிந்தது என்பதைக் காட்டாது. மூடிய தளத்தருகே மீட்சி எவ்வளவு என்பதையும் காட்டாது. ஆனால் புகார் எண்ணிக்கையைப்போல் மறுத்துவிட முடியாத சான்று.

தெருவில் பொருத்திய மலிவு உணரிகளும் இதோடு இயங்கின. மீத்தேனையும் மற்ற ஹைட்ரோகார்பன்களின் மொத்தத்தையும் காட்டும் உலோக ஆக்சைடு உணரிகள் அவை. ஈரப்பதத்துக்கும் வெப்பத்துக்கும் அவை மயங்கும். மாதங்கள் போகப்போக அவற்றின் அளவு தொடங்கும் புள்ளியே நகரும். பொருத்துவதற்கு முன்னும் கழற்றிய பின்னும் தரமான கருவியின் பக்கத்தில் சில வாரங்கள் வைத்துத் திருத்தச் சமன்பாடு எடுக்காவிட்டால் தரவுக்கு மதிப்பில்லை. பென்சீன் அளவை அவை சொல்லமாட்டா. எப்போது உச்சம் வருகிறது என்று சொல்லும். கலனைத் திறக்க வேண்டிய நேரத்தைக் காட்டவே அவை பயன்பட வேண்டும்.

அதன்பின் நிகழ்ந்தவை

தளம் மீண்டும் திறக்கவில்லை. ஆனால் உற்பத்தி நின்ற கிணறு மூடிய கிணறு ஆகாது. அழுத்தம் உள்ளேயே இருக்கும். வால்வும் உறைக்குழாயும் துருப்பிடிக்கும். 2020-இல் எண்ணெய்க் கிணறுகளை மேற்பார்க்கும் மாநிலத்தின் புவியியல் ஆற்றல் மேலாண்மைப் பிரிவு 21 கிணறுகளையும் நிரந்தரமாக அடைக்க உத்தரவிட்டது. உற்பத்தி நின்று ஆறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து வந்த உத்தரவு இது.

2015-இல் காற்றுத்தர மாவட்டம் விதியைத் திருத்தியது. அதன்படி, குழாய் உருவும்போது ஒட்டிய திரவத்தை வழித்தெடுக்கும் ரப்பர் வளையம் பயன்படுத்த வேண்டும். நாற்றம் உறுதிப்பட்டால் காரணத்தை ஆராய்ந்து எழுத வேண்டும். சிறிய ரப்பர் வளையம்தான். பராமரிப்பு நாளின் நாற்றத்தில் கணிசமானதை அது அடக்கும்.

2022-இல் மாநிலச் சட்டம் வீடுகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் 3,200 அடி, அதாவது ஏறத்தாழ 975 மீட்டருக்குள் புதிய கிணறுகளைத் தடுத்தது. தொழில்துறை பொதுவாக்கெடுப்பு கோரியதால் அது நின்றுபோய், 2024-இல் அந்தக் கோரிக்கை திரும்பப் பெறப்பட்டபின் நடைமுறைக்கு வந்தது. அதே 2022 டிசம்பரில் நகர மன்றம் புதிய கிணறுகளைத் தடைசெய்து, இருப்பவற்றை 20 ஆண்டுகளில் ஒழிக்கும் சட்டம் இயற்றியது. 2024 செப்டம்பரில் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது; அதே மாதம் உள்ளூர் அமைப்புகளின் அதிகாரத்தை உறுதிசெய்யும் மாநிலச் சட்டம் கையெழுத்தானது.

எதை மாற்றிச் செய்ய வேண்டும்

முதலில், உற்பத்தி கூடுவதையே எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். மாதாந்திர உற்பத்திக் கணக்கு அரசிடம் ஏற்கெனவே இருக்கிறது. பழைய தளத்தில் அது இரட்டிப்பாகும்போதே தொட்டி மூடிகளையும் ஆவி மீட்பையும் சோதித்திருந்தால் 2010-இலேயே கசிவு தெரிந்திருக்கும். புகாருக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

வேலியோரக் கண்காணிப்புக் கருவிகளை வழக்கு முடிந்தபின் நிபந்தனையாக விதிப்பதைவிட, உரிமம் தரும்போதே விதிக்க வேண்டும். ஹைட்ரஜன் சல்ஃபைடு ஒரு மணி நேர வரம்பின் பாதியைத் தொட்டதும் எச்சரிக்கை ஒலித்தால், ஆய்வாளரின் மூக்கை நம்பியிருக்க வேண்டியதில்லை. கருவியை மதிலின் எல்லாப் பக்கமும் வைக்க வேண்டும். பகல் காற்றை மட்டும் பார்த்து ஒரே பக்கம் வைத்தால் இரவு தப்பிவிடும்.

குடும்பங்களுக்கு அப்போது கிடைத்த அறிவுரை பெரும்பாலும் "ஜன்னலை மூடுங்கள்" என்பதே. தூசி வடிகட்டும் ஹெப்பா கருவி வாயுவைப் பிடிக்காது. மெல்லிய கரித்தாள் வைத்த வீட்டுச் சுத்திகரிப்பான் சீக்கிரமே நிறைந்துபோகும். கிலோக்கணக்கில் செயலூட்டிய கரி உள்ள கருவிதான் ஓரளவு பென்சீனைக் குறைக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடுக்கு வேதிப்பொருள் ஊட்டிய கரி தனியாக வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் ஏழைக் குடும்பத்திடம் இதை வாங்கச் சொல்வது நியாயமில்லை. செலவு தளத்தை நடத்துபவருடையது.

மருத்துவக் குறிப்பும் அப்படியே. குழந்தையின் மூக்கில் ரத்தம் என்று எழுதும்போது வீட்டு முகவரியும் நாற்றம் இருந்த நேரமும் அதே தாளில் எழுதப்பட வேண்டும். சிதறிய மருத்துவமனைச் சீட்டுகளில் இது பெரும்பாலும் விடுபடுகிறது. பிறகு எந்த ஆய்வாலும் அதை மீட்க முடியாது.

கடைசியாக, அடைக்கும் செலவுக்கான பிணைத்தொகை. கிணற்றை நிரந்தரமாக அடைக்க, பழைய குழாய்களை எடுத்து, எண்ணெய் அடுக்கிலும் நிலத்தடி நீர் மட்டத்திலும் சிமென்ட் அடைப்பு வைத்து, அழுத்தச் சோதனை செய்து, மேற்பகுதியை வெட்டித் தகடு பற்றவைக்க வேண்டும். வீடுகள் நெருக்கமான இடத்தில் இயந்திரத்தை நிறுத்தவே இடமில்லாததால் செலவு பல மடங்காகும். அந்தப் பணம் உற்பத்தி நடக்கும்போதே ஒதுக்கப்படாவிட்டால், நிறுவனம் கைவிட்டதும் சுமை அரசின் தலையில் விழும். அதுவரை கிணறு திறந்தே கிடக்கும். அடைத்த பிறகும் கிணற்றுத் தலையில் மீத்தேன் கசிகிறதா என்று முதலாண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பின் ஆண்டுதோறும் பார்த்து, முடிவை மதிலுக்கு வெளியே ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஒட்ட வேண்டும்.